பழைய டெக்ட்ரானிக்ஸ் ஸ்கோப்: 545ஆ, 465ஆ, 2465பியா?

மின் சிக்னலைத் திரையில் அலைவடிவமாக வரைந்து காட்டும் பழைய ஆசிலாஸ்கோப் (சுருக்கமாக ஸ்கோப்) ஒன்றை வாங்கி, நாமே சரிசெய்து மேசையில் வைக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் கொஞ்ச நாள் தேடியதும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்கிறார்கள். வால்வு (வெற்றிடக் குழாய்) காலத்து 545 ஒன்று எடைக்குப் போடும் விலையில் இருக்கும். 465 நியாயமான விலையில் இருக்கும். 2465பி கொஞ்சம் கையைக் கடிக்கும், ஆனால் 400 மெகாஹெர்ட்ஸ் என்கிறார்கள். எதை எடுப்பது?

நிறையப் பேர் மெகாஹெர்ட்ஸை, அதாவது எவ்வளவு வேகமான சிக்னல்வரை காட்டும் என்ற பேண்ட்விட்த்தைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். புதிதாக வாங்கும்போது அது சரிதான். நாற்பது, அறுபது வயதான கருவியை ரிப்பேர் செய்வதற்கென்றே வாங்கும்போது அந்தக் கணக்கு உதவாது. மூன்றும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து டெக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் தயாரிப்புகள். ஒன்று வால்வு, அடுத்தது டிரான்சிஸ்டர், மூன்றாவது கம்பெனி தனக்கென்றே வடித்த ஐசிகள். இந்த வரிசையில் வயது குறையக் குறைய ரிப்பேர் கடினமாகிக்கொண்டே போகிறது. வயதானதுதான் மோசம் என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

என் கணக்கில் முதலிடம், கடையில் கிடைக்காத பாகங்களுக்குத்தான். டெக்ட்ரானிக்ஸ் பாக எண்களில் இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. 151 என்று தொடங்கினால் டிரான்சிஸ்டர், 152 டயோடு, 156 வெளியில் வாங்கிய ஐசி. 155 என்று தொடங்கினால் அது டெக்ட்ரானிக்ஸின் சொந்த ஐசி. 151-0190-00 என்று பட்டியலில் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது 2என்3904தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் சில்லறைக்குக் கிடைக்கும். 155 வரிசைக்கு எந்தக் கடையும் இல்லை. இன்னொரு செத்த ஸ்கோப்பைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, உள்ளே கை வைக்கும்போது என்ன காத்திருக்கிறது என்பது. மூன்றாவது, சரிசெய்த பிறகு அது சரியாகத்தான் காட்டுகிறதா என்று சோதிக்க வேறு என்னென்ன கருவிகள் தேவைப்படும் என்பது. மறைந்திருக்கும் செலவில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது, யாரும் முன்கூட்டிக் கணக்குப் போடுவதில்லை. நான்காவது எடை, இடம், கப்பல் கூலி. ஐந்தாவதாகத்தான் மெகாஹெர்ட்ஸ்.

சர்வீஸ் மேனுவல் விஷயத்தில் மூன்றும் சமம். முழுச் சர்க்யூட், ஒவ்வொரு இடத்திலும் இருக்க வேண்டிய வோல்டேஜ், அலைவடிவம், பாகப் பட்டியல் எல்லாம் ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. இந்தக் கம்பெனியின் பழைய கருவிகளை இன்றும் ஆட்கள் தேடி வாங்குவதற்கு அந்த மேனுவல்கள் ஒரு பெரிய காரணம்.

## 545 வகை: தூக்க முடிந்தால் எல்லாம் சரிசெய்யலாம்

1950களின் நடுவில் வந்த 545, பிறகு 545ஏ, 545பி. 30 மெகாஹெர்ட்ஸ் அளவில் வேலை செய்யும், முன்பக்கம் பிளக்-இன் (கழற்றிச் செருகும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி) மாற்றிக்கொள்ளலாம். சுமார் 30 கிலோ. ஓடும்போது 500 வாட்டுக்கு மேல் இழுக்கும். கோடைக்காலத்தில் இதைச் சின்ன அறையில் வைத்து ஓட்டினால் ஏசி போட்டும் பயனில்லை.

உள்ளே பிரிண்டட் போர்டு மிகக் குறைவு. பாகங்களெல்லாம் வெள்ளைப் பீங்கான் பட்டைகளின் பள்ளங்களில் வரிசையாக நிற்கும். எதைத் தொட வேண்டுமானாலும் கைக்கு எட்டும், எதைக் கழற்றினாலும் டிரேஸ் (போர்டில் ஓடும் செப்புத் தடம்) உரிந்து வராது. ஒரு எச்சரிக்கை மட்டும்: அந்தப் பள்ளங்களுக்குள் பூசியிருப்பது வெள்ளி. சாதாரண ஈயத்தை வைத்துத் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் வெள்ளி ஈயத்தோடு கரைந்துபோய், அப்புறம் பட்டையில் எதுவும் ஒட்டாது. சுமார் 3 சதவீதம் வெள்ளி கலந்த சால்டர்தான் வைக்க வேண்டும். கம்பெனியே அதில் ஒரு சின்னச் சுருளைக் கருவிக்குள் மாட்டி அனுப்பியது. அறுபது வருடம் கழித்துப் பிரிக்கப்போகிற நமக்கும் சேர்த்து வைத்த மாதிரி, பல 545களில் அந்தச் சுருள் இன்னும் அப்படியே இருக்கிறது.

சோதனைக்கு ஒரு வரிசை உண்டு. பவர் சப்ளையில் −150, +100, +225, +350, +500 என்று ஐந்து வோல்டேஜ்கள். மற்ற நான்கும் −150ஐ நம்பி நிற்பவை. அதனால் முதலில் −150ஐ அளந்து, சரியாக இருந்தால்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். −150 தவறாக இருக்கும்போது +350இல் கெப்பாசிட்டரை மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை. சுவிட்சைப் போட்டு அரை நிமிடம் போல ஒன்றுமே நடக்காது. வால்வு ஹீட்டர்கள் சூடாகட்டும் என்று ரிலே காத்திருக்கும், பிறகு ‘டக்’ என்று விழும். அந்தச் சத்தம் வராவிட்டால் முதலில் ரிலேயைப் பாருங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் பேப்பர் கெப்பாசிட்டர்கள், குறிப்பாகக் கறுப்பு வார்ப்பில் வண்ணக் கோடுகள் போட்டவை. மீட்டரில் கொள்ளளவு சரியாகக் காட்டும், ஆனால் 300 வோல்ட் கொடுத்தால் கசியும். இவற்றைச் சோதித்துக்கொண்டிருக்காமல் ஒட்டுமொத்தமாக மாற்றிவிடுவதே நல்லது. வால்வுகளை அப்படி மாற்ற வேண்டாம். வால்வு டெஸ்டரில் பலவீனம் என்று காட்டும் வால்வு இந்தச் சர்க்யூட்டில் ஒழுங்காக வேலை செய்யும், நல்லது என்று காட்டுவது செய்யாமல் போகலாம். கருவியே நல்ல டெஸ்டர். இன்னொரு காரணமும் இருக்கிறது: 6டிஜே8 போன்றவற்றை ஆடியோ ரசிகர்கள் விலையேற்றி வைத்திருக்கிறார்கள். ரஷ்யாவின் 6என்23பி ஓரளவு கைகொடுக்கும்.

வாங்கும்போது அஞ்ச வேண்டியது ஒன்று உண்டு. 1960களில் எபாக்சியில் வார்த்த ஹை வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர்கள் சில சூடேறச் சூடேறச் சக்தியை விழுங்க ஆரம்பிக்கும். முதல் அரை மணி நேரம் படம் அருமையாக இருக்கும், அப்புறம் வெளிச்சம் குறைந்து படம் ஊதிப் பெரிதாகும். விற்பவர் ஐந்து நிமிட வீடியோ அனுப்பினால் இது தெரியாது. ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இந்தியாவுக்கு வரவழைப்பவர்களுக்குக் கப்பல் கூலியே கருவியின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். அமெரிக்காவில் ஓடிய பீஸ் 115 வோல்ட்டுக்கு இணைத்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் இணைப்பை மேனுவலோடு ஒப்பிடாமல் நம் 230இல் செருகினால் கதை முடிந்தது.

## 465: பெரும்பாலோர் எடுக்க வேண்டியது

1972இல் வந்தது. 100 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல், சுமார் 10 கிலோ. இதன் அண்ணன் 475க்கு 200 மெகாஹெர்ட்ஸ். ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்தவர்களுக்காகச் செய்தது என்பதால் உடம்பு கெட்டி.

155 வரிசை ஐசிகள் இதிலும் உண்டு, ஆனால் விரல்விட்டு எண்ணிவிடலாம். மீதி எல்லாம் சாதாரண டிரான்சிஸ்டர்கள், அதிலும் முந்தைய பீஸ்களில் பல சாக்கெட்டில் செருகியவை. ஐம்பது வருடத்தில் சாக்கெட்டில் கறை பிடித்திருக்கும். கழற்றித் துடைத்து மறுபடி செருகினாலே குணமாகிவிடும் கோளாறுகள் உண்டு. ஒன்றைக் கழற்றி, செருகி, அதன் பிறகே அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் பிடுங்கி மேசையில் கொட்டினால் பிறகு எது எங்கே என்று தெரியாது.

பவர் சப்ளை பழைய முறை: டிரான்ஸ்ஃபார்மர், டயோடு, பெரிய எலக்ட்ரோலிட்டிக், ரெகுலேட்டர். +110, +55, +15, +5, −8 என்று ஐந்து லைன். இதில் +55தான் தாய். ஒவ்வொன்றுக்கும் போர்டிலேயே டெஸ்ட் பாயின்ட் இருக்கிறது.

செத்துக் கிடக்கும் 465இல் நான் முதலில் சந்தேகிப்பது ஷார்ட் ஆன டான்டலம் கெப்பாசிட்டரை. பவரை எடுத்துவிட்டு ஒவ்வொரு லைனுக்கும் எர்த்துக்கும் இடையே ஓம் பாருங்கள். +15 லைனில் ஒன்றிரண்டு ஓம் காட்டினால் குற்றவாளி அந்த லைனில்தான். ஆனால் ஒரே லைனில் டஜன் கணக்கில் டான்டலம் தொங்கும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பவர்கள் போர்டைப் பாழாக்குகிறார்கள். கரன்ட் லிமிட் உள்ள பெஞ்ச் சப்ளையை அரை வோல்ட், ஓர் ஆம்பியருக்கு வைத்து அந்த லைனில் கொடுங்கள். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை எர்த்தில் பிடித்து, சிவப்பு முனையை டிரேஸ் வழியே நகர்த்துங்கள். ஷார்ட்டை நெருங்க நெருங்க மில்லிவோல்ட் இறங்கும். மிகக் குறைவாகக் காட்டும் இடத்தில் நிற்கும் கெப்பாசிட்டர்தான் ஆள். அதை மட்டும் கழற்றி, இன்னும் உயர்ந்த வோல்ட் தரமுள்ளதைப் போடுங்கள். 15 வோல்ட் லைனுக்கு 35 வோல்ட் டான்டலம் போட்டால் நிம்மதி.

‘எல்லாக் கெப்பாசிட்டரையும் மாற்றிவிட்டேன்’ என்று பெருமையோடு விற்கப்படும் 465 பீஸ்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம். அளந்து பார்த்தால் பாதிக்கு மேல் நன்றாகவே இருந்திருக்கும், மாற்றும்போது உரிந்த டிரேஸ் எத்தனை என்று யாரும் சொல்வதில்லை. பெரிய எலக்ட்ரோலிட்டிக்குகளில் ரிப்பிளை (டிசியில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கத்தை) பாருங்கள். ரெகுலேட்டருக்குப் பிந்தைய லைனில் அது சில மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் அப்படியே விடுங்கள்.

அடுத்த இடம் வோல்ட்/டிவிஷன், டைம்/டிவிஷன் திருகிகள். உள்ளே சுழலும் உருளை, தங்கம் பூசிய மெல்லிய தகடுகளைப் போர்டில் உள்ள தங்கப் பரப்பில் அழுத்தும். திருகும்போது திரையில் ஓடும் கோடு குதித்தால் உடனே கான்டாக்ட் ஸ்ப்ரேயைப் பீய்ச்சாதீர்கள். கெட்டியான காகிதத்தை விரல் நக அகலத்துக்குக் கீறி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, தகட்டுக்கும் பரப்புக்கும் நடுவில் நுழைத்து மெதுவாக உருவுங்கள். காகிதத்தில் கறுப்புக் கோடு வரும். அது வராமல் போகும்வரை காகிதத்தை மாற்றி மாற்றிச் செய்தால் போதும். உப்புத்தாளும் கத்தி முனையும் இந்தப் பக்கமே வரக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு என்றால் விசிறி, நல்ல 10எக்ஸ் புரோப் (சிக்னலைப் பத்தில் ஒன்றாக்கித் தரும் அளவு முனை) இரண்டு, சில பீஸ்களில் ஹை வோல்டேஜ் மல்டிபிளையர் (படக்குழாய்க்கு வோல்டேஜைப் பெருக்கித் தரும் பகுதி). மல்டிபிளையர் போனால் திரை இருண்டுவிடும். படக்குழாயே போனால் பாகத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். படக்குழாயின் ஆனோடில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, அணைத்த பிறகும் சிறிது நேரம் தங்கும். அந்த மூலையில் வேலை இருந்தால் டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொடுங்கள்.

## 2465பி: மாப்பிள்ளை ஜோர், ஜாதகம் பாருங்கள்

1980களில் வந்த 2465 குடும்பத்தின் கடைசி அனலாக் ஸ்கோப். முதலில் 300 மெகாஹெர்ட்ஸ், ஏ வகையில் 350, பி வகையில் 400. நான்கு சேனல், அளவுகளைத் திரையிலேயே எழுத்தில் காட்டும். ஓடும் நிலையில் உள்ள ஒன்றைத் தொட்டுப் பார்த்தால் வேறு எதையும் வாங்க மனம் வராது.

பிரிக்காமல் இருந்தால் சொர்க்கம், பிரித்தால் வேறு கதை. முக்கியமான வேலைகளை எல்லாம் 155 ஐசிகளும் கம்பெனியின் ஹைபிரிட்களும் (பல பாகங்களை ஒரே உறையில் அடைத்தவை) செய்கின்றன. அதில் பேர்போனது யு800 என்ற கிடைமட்ட அவுட்புட் ஐசி. கொதிக்கக் கொதிக்க ஓடும், விசிறி நின்றால் முதலில் போவது அதுதான். மேலே ஹீட்சிங்க் ஒட்டுவதும் விசிறியைப் பார்த்துக்கொள்வதும் இங்கே காப்பீடு.

இரண்டாவது கண்ணி, கேலிப்ரேஷன் எண்கள், அதாவது அளவைச் சரியாகக் காட்டவைக்கும் திருத்த எண்கள். அவை மெமரியில் இருக்கின்றன, மெமரி லித்தியம் பேட்டரியால் உயிரோடு இருக்கிறது. பிந்தைய 2465பிகளில் டிஎஸ் 1225ஒய் என்ற ஐசிக்குள்ளேயே பேட்டரி அடைபட்டிருக்கும். பத்து வருட ஆயுள் என்று சொல்லி விற்றது முப்பது வருடம் தாண்டியும் சிலவற்றில் ஓடுகிறது, நாளைக்கும் ஓடும் என்று சொல்ல முடியாது. அது செத்தால் கருவியை இயக்கும்போது ‘டெஸ்ட் 04 ஃபெயில்’ என்று திரையில் வரும். ஸ்கோப் ஓடும், காட்டும் அளவை நம்ப முடியாது. பேட்டரி உயிரோடு இருக்கும்போதே உள்ளடக்கத்தை இ-பிராம் ரீடரில் (மெமரி ஐசியைப் படிக்கும் கருவி) படித்து வைத்து, பேட்டரியே தேவைப்படாத எஃப்எம் 16டபிள்யூ08 வகை ஐசியில் எழுதி மாற்றிவிட்டால் பிழைத்தீர்கள்.

மூன்றாவது, பவர் சப்ளை. ஸ்விட்சிங் முறை. மெயின்ஸோடு நேரடியாகத் தொடர்புள்ள முதல் பகுதியில் இன்னொரு ஸ்கோப்பின் எர்த் கிளிப்பைப் போட்டால் வெடிக்கும். வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் வேரியாக் வைத்தியமும் இதற்கு ஆகாது: வோல்டேஜ் குறையக் குறைய அது கரன்ட்டை அதிகமாக இழுக்கும். மெயின்ஸ் நுழையும் இடத்தில் ரிஃபா என்ற மஞ்சள் பளிங்குக் கெப்பாசிட்டர்கள் இருந்தால், மேலே விரிசல் தெரிகிறதோ இல்லையோ, கழற்றி எறியுங்கள். விரிசல் வழியாக ஈரம் புகுந்து ஒருநாள் அறையெல்லாம் புகையாக்கும். பிந்தைய பீஸ்களின் கன்ட்ரோல் போர்டில் உள்ள சின்ன எஸ்எம்டி (போர்டின் மேற்பரப்பிலேயே சால்டர் செய்த) எலக்ட்ரோலிட்டிக்குகளும் ஒழுகி டிரேஸை அரிக்கும். 465க்குச் சொன்னதற்கு நேர் எதிராக, இங்கே அளந்துகொண்டிருக்காமல் மாற்றிவிட வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | 545 வகை | 465 | 2465பி |
|---|---|---|---|
| பேண்ட்விட்த் | 30 மெகாஹெர்ட்ஸ் அளவு | 100 மெகாஹெர்ட்ஸ் | 400 மெகாஹெர்ட்ஸ் |
| ரைஸ் டைம் (சிக்னல் எழும் நேரம்) | சுமார் 12 நானோநொடி | 3.5 நானோநொடி | சுமார் 0.9 நானோநொடி |
| எடை | சுமார் 30 கிலோ | சுமார் 10 கிலோ | சுமார் 10 கிலோ |
| கிடைக்காத பாகம் | படக்குழாய், டிரான்ஸ்ஃபார்மர்கள் | படக்குழாய், சில 155 ஐசிகள் | ஏறக்குறைய எல்லாமே |
| முதலில் அளப்பது | −150 | +55 | மெயின்ஸ் பக்க கெப்பாசிட்டர், செல்ஃப் டெஸ்ட் |
| வேரியாக் | பயன்படும் | பயன்படும் | வேண்டாம் |
| கெப்பாசிட்டர் | பேப்பர் வகை முழுதும் மாற்று | அளந்து மாற்று | ரிஃபா, எஸ்எம்டி முழுதும் மாற்று |

மூன்றுக்குமே முதல்முறை கரன்ட் கொடுக்கும்போது ஃபியூஸ் சரியான அளவுதானா என்று பாருங்கள். முந்தைய ஆள் கம்பியைச் சுற்றி வைத்திருப்பது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. முதல் இரண்டுக்கும் மெயின்ஸ் வழியில் தொடராக (சீரீஸில்) இணைக்கும் பல்பும் நல்ல காவல்.

## சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது

545, 465 இரண்டின் செங்குத்துத் துல்லியமும் ±3 சதவீதம்தான். நல்ல நாலரை இலக்க மல்டிமீட்டரும் நிலையான டிசி சப்ளையும் இருந்தால் அதைச் சோதித்துவிடலாம். நேர அளவுக்கு 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஆசிலேட்டரும் அதைப் பத்தால் வகுத்துக்கொண்டே போகும் ஐசிகளும் போதும்.

பேண்ட்விட்த்தைச் சோதிக்க வேகமான எட்ஜ், அதாவது சட்டென்று எழும் சிக்னல் வேண்டும். 0.35ஐ பேண்ட்விட்த்தால் வகுத்தால் ரைஸ் டைம். 465க்கு 3.5 நானோநொடி வருவதால், ஒரு நானோநொடி எட்ஜ் தரும் எளிய சர்க்யூட்டை நாமே கட்டி, 50 ஓம் டெர்மினேட்டர் போட்டுப் பார்க்கலாம். 2465பிக்கு அது போதாது. 2என்2369 டிரான்சிஸ்டரை அவலாஞ்சி முறையில் (சட்டென்று முறிந்து கரன்ட் பாயும்படி) ஓட்டும் பல்ஸர் அந்த வேகத்தைத் தரும் என்றாலும், கேலிப்ரேஷன் எண்கள் அழிந்த ஒன்றை மறுபடி சீராக்க மேனுவல் கேட்பது வேறு: எஸ்ஜி 503, டிஜி 501, பிஜி 506 என்ற, சோதனை சிக்னல் தரும் மூன்று கருவிகளும் அவற்றைச் செருக ஒரு பெட்டியும். அவையும் அதே கம்பெனியின் பழைய சரக்கு, அவற்றையும் முதலில் ரிப்பேர் செய்ய வேண்டியிருக்கும். ஒரு ஸ்கோப் வாங்கப் போனவர் நான்கு கருவிக்குச் சொந்தக்காரராவது இப்படித்தான். பணம் கொடுத்து கேலிப்ரேஷன் லேபில் செய்யலாம் என்றால், இந்த மாடலைத் தொடுவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

## யாருக்கு எது

சர்க்யூட்டை விரலால் தொட்டுப் படிக்க வேண்டும் என்றால், இடமும் இருந்தால், பக்கத்து ஊரிலேயே கிடைத்தால் 545. கப்பலில் வரவழைத்து வாங்க வேண்டாம்.

முதல் ரிப்பேர், மேசையில் தினமும் ஓட வேண்டும், ஆடியோவும் பவர் சப்ளையும் சாதாரண டிஜிட்டல் சர்க்யூட்டும் பார்க்க வேண்டும் என்றால் 465 அல்லது 475. செங்குத்து ஆம்ப்ளிஃபையர் இரண்டு சேனலிலும் செத்த பீஸை மட்டும் தவிர்க்கவும். ஒரு சேனல் உயிரோடு இருந்தால் அதோடு ஒப்பிட்டு இன்னொன்றைச் சரிசெய்யலாம்.

வேகமான சிக்னல் உண்மையிலேயே பார்ப்பவர், எஸ்எம்டி வேலை பழகியவர், ஓடிக்கொண்டிருக்கும் பீஸ் கிடைத்தவர், இந்த மூன்றும் ஒருவரே என்றால் 2465பி. ‘பாகத்துக்காக, உள்ளபடி’ என்று எழுதியிருக்கும் 2465பி எவ்வளவு மலிவாக இருந்தாலும் முதல் ரிப்பேருக்கு வேண்டாம்.

அளக்க ஒரு கருவி தேவை, அவ்வளவுதான் என்பவர் இந்த மூன்றையும் விட்டுவிட்டு நான்கு சேனல் புதிய டிஜிட்டல் ஒன்றை வாங்கிவிடலாம். மெமரியில் பிடித்து நிறுத்திப் பார்க்கும் வசதி மேலே சொன்ன மூன்றிலுமே கிடையாது. ரிப்பேரில் இறங்குகிறவருக்கும் ஓடுகிற ஸ்கோப் ஒன்று கையில் இருந்தால் வேலை பாதியாகும்.

பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: இயக்கியதும் திரை, ஒரு மணி நேரம் கழித்து அதே திரை, பின்பக்க வோல்டேஜ் தேர்வு, சீரியல் எண். 2465பி என்றால் சீரியல் எண் B050000க்கு முன்னா பின்னா என்று பாருங்கள். பின் என்றால் டிஎஸ் 1225ஒய்யும் ஒழுகும் எஸ்எம்டி கெப்பாசிட்டர்களும் உள்ளே இருக்கும். கூரியரில் அனுப்பச் சொல்லும்போது முன்பக்கத் திருகிகளுக்கு மேல் பலகை வைத்துக் கட்டச் சொல்லுங்கள், தெர்மகோல் மட்டும் போதாது. திருகியின் அச்சு வளைந்து வந்தால் உள்ளே இருக்கும் சுவிட்ச் உருளையும் உடைந்திருக்கும், அது எந்தக் கடையிலும் கிடைக்காது.